கொழும்பில் ஒரே நாளில் மூன்று மியூசியம்: பார்த்ததாகுமா?

வாசகர் கேள்வி:
கோவையிலிருந்து வேலைக்காகக் கொழும்பு வந்து ஆறு மாதம் ஆகிறது. கொள்ளுப்பிட்டியில் தங்கியிருக்கிறோம். கொழும்பில் இருக்கிற மியூசியம் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று அலுவலக நண்பர் சொல்கிறார். முடியுமா? இங்கேயே குடியிருப்பவர்கள் சுற்றுலா வந்தவர்கள் மாதிரி ஓடவேண்டுமா என்று மனைவி கேட்கிறார். இரண்டு பேருக்கும் பதில் சொல்லவேண்டும்.

பிப்ரவரி 11

உங்கள் மனைவி கேட்டதுதான் சரி. நான் வேலூர்க்காரி. வெள்ளவத்தையில் மூன்று வருடமாக இருக்கிறேன். வந்த முதல் மாதமே உறவினர்களோடு ஒரே நாளில் மூன்று இடம் போனேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், மாடி வீட்டு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி "என்ன பிள்ளை, மூண்டையும் பாத்து முடிச்சிட்டியளோ?" என்று கேட்டார். என்ன பார்த்தேன் என்று அவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஒரு பெரிய புத்தர் சிலை, ஒரு மரப்படிக்கட்டு, கொஞ்சம் காசு. அவ்வளவுதான் நினைவில் நின்றது.

ஒரு நாளைக்கு ஒரு இடம். நாம் இங்கேதானே இருக்கிறோம், இன்னொரு நாள் போகலாம். சுற்றுலா வந்தவருக்கு இல்லாத வசதி இது.

பிப்ரவரி 11, இரவு

ஒரு சொல் விஷயம். தமிழில் வழி கேட்டால் இங்கே பலகையில் "நூதனசாலை" என்று இருக்கும், அருங்காட்சியகம் என்று தேடாதீர்கள். நூதனம் என்றால் புதுமை. பழைய பொருள்கள் இருக்கும் இடத்துக்கு இந்தப் பெயரா என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஆனால் நூதனம் என்பதற்கு வியப்பான, காணாத ஒன்று என்ற சாயலும் உண்டு. சிங்களத்தில் கௌதுகாகாரய என்கிறார்கள், அதிலும் வியப்பு இருக்கிறது. சென்னையில் பழைய ஆட்கள் எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்கள் இல்லையா, அதோடு வைத்துப் பார்த்தால் நூதனசாலை எவ்வளவு மரியாதையான சொல்! எனக்கு இப்போது இதுதான் பிடித்திருக்கிறது. ஆட்டோக்காரரிடம் மட்டும் மியூசியம் என்றே சொல்லுங்கள்.

பிப்ரவரி 20

மேலே நான் எழுதியதை நானே மறுக்கவேண்டியிருக்கிறது.

போன வாரம் தனியாகப் புறக்கோட்டைக்குத் துணி வாங்கப் போனபோது, பிரின்ஸ் வீதியில் இருக்கும் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், நூதனசாலைக்குள் நுழைந்தேன். மூட்டை தூக்குகிறவர்கள், தள்ளுவண்டி, ஸ்பீக்கர் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவே உயர்ந்த தூண்களோடு ஒரு மாடி வீடு. உள்ளே முற்றமும் கிணறும் இருக்கின்றன. வாசலைத் தாண்டியதும் தெருச் சத்தம் பாதியாகிவிடும். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய வீடு. அனாதை விடுதி, மருத்துவமனை, போலீஸ் பயிற்சி நிலையம், தபால் நிலையம் என்று பல வேலை செய்துவிட்டு 1982இல் நூதனசாலை ஆனது. அங்கே குடியிருந்தவர் தோமஸ் வான் ரீ, 1692 முதல் 1697 வரை ஒல்லாந்தரின் கவர்னர்.

இந்தப் பெயரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று வீடு திரும்பும்வரை யோசித்தேன். 101 பஸ்ஸில் பம்பலப்பிட்டி தாண்டும்போது நினைவு வந்தது. கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலையில் கண்டி ராஜாவின் சிம்மாசனம் இருக்கிறது அல்லவா? அதை 1693இல் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்குப் பரிசாகக் கொடுத்தது இதே வான் ரீதான். கொடுத்தவர் வீட்டைப் போன வாரம் பார்த்தேன். கொடுத்த பொருளைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டுக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. ஒரே நாளில் போயிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். ஒரு நாளைக்கு ஒன்று என்று பிரித்துவைத்ததால்தான் இது எனக்குத் தப்பிப் போயிற்று.

அதனால் சொல்கிறேன், பல இடங்களை ஒரே நாளில் பார்க்கலாம். ஆனால் எல்லாவற்றையும் பார்க்கக் கூடாது. ஒரு பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு, அது போகச் சொல்கிற இடத்துக்கு மட்டும் போகவேண்டும்.

பிப்ரவரி 21

"அந்த நாற்காலியில் அப்படி என்ன இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தங்கத் தகடு போர்த்திய மர இருக்கை. கை வைக்கிற இடத்தில் இரண்டு சிங்கம், சாய்கிற பலகையின் உச்சியில் சூரியன். 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனபின் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். வின்சர் கோட்டையில் வைத்திருந்துவிட்டு 1934இல்தான் திருப்பித் தந்தார்கள்.

எனக்கு அதில் இருப்பது வேறு. அதில் கடைசியாக உட்கார்ந்தவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்தபோது வைத்த பெயர் கண்ணுசாமி. நாயக்கர் வம்சம். பதினெட்டு வயதில், 1798இல், முடிசூட்டினார்கள். பிடிபட்டபின் 1816 ஜனவரியில் கொழும்பிலிருந்து கப்பலில் சென்னைக்கு அனுப்பி, அங்கிருந்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய கல்லறை இருக்கும் இடத்தை முத்து மண்டபம் என்போம். பள்ளிக்கூட நாள்களில் நான் அந்தப் பக்கம் சைக்கிளில் போய்வந்திருக்கிறேன். கோட்டைக்குள் கண்டி மகால் என்று ஒரு கட்டடம் உண்டு. கண்டி எங்கே இருக்கிறது என்று அப்போது நான் யாரையும் கேட்டதில்லை.

சிம்மாசனத்துக்கு முன்னால் இதை உணர்ந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் தன் ஊரை விட்டு என் ஊரில் பதினாறு வருடம் இருந்தார். நான் அவர் ஊரில் இருக்கிறேன். எனக்கு விமானம் ஒன்றரை மணி நேரம், நினைத்தால் போய்வரலாம். அவரால் முடியவில்லை.

மார்ச் 9

சொன்னபடியே செய்து பார்த்துவிட்டேன். மகளுக்கு ஒன்பது வயது. இன்றைக்கு நாங்கள் இருவர் மட்டும். கேட்பவர்கள் இருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்குத் தேசிய நூதனசாலை. 1877 ஜனவரி 1இல் திறந்தது, கவர்னர் வில்லியம் கிரெகரியின் முயற்சி. வெள்ளைக் கட்டடம், முன்னால் பெரிய ஆலமரம். கட்டட வரைபடம் ஜேம்ஸ் ஸ்மிதர் என்பவருடையது, கட்டிக் கொடுத்தவர் வாப்பிச்சி மரைக்கார். என்ன வெகுமதி வேண்டும் என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமை தோறும் இதை மூடி வைத்தால் போதும் என்று மரைக்கார் சொன்னதாக ஆன்ட்டி ஒரு கதை சொல்வார். வெள்ளிக்கிழமை மூடும் வழக்கம் நெடுநாள் இருந்தது உண்மை.

உள்ளே போகும் முன் மகளிடம் ஒன்று சொன்னேன்: இன்றைக்கு ராஜா நாற்காலியும் தமிழ் எழுத்தும், இரண்டு மட்டும். மற்றதெல்லாம் வழியில் தெரிந்தால் தெரியட்டும். அவளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. நுழைந்ததும் எதிரே இருக்கும் தொலுவில புத்தரைப் பார்த்து ஒரு நிமிடம் அப்படியே நின்றாள், அப்புறம் தமிழ் தேடக் கிளம்பினாள்.

அவள் கண்டுபிடித்தது காலிக் கல்வெட்டு. என்னைவிட முந்திக்கொண்டு "அம்மா, இங்கே தமிழ்!" என்று கத்தினாள். சீனத் தளபதி செங் ஹே நான்ஜிங்கில் 1409ஆம் ஆண்டு தேதியிட்டுச் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்து காலியில் நட்ட கல். வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில் தெனாவரை நாயனாருக்கு என்று மூன்று பேருக்கும் காணிக்கை. பொன் 1000, வெள்ளி 5000 என்று பட்டியல் போகிறது. தெனாவரை என்பது இன்றைய தெவிநுவர, தீவின் தென்கோடி. நாயனார் அங்கே இருந்த விஷ்ணு. அந்தக் கோயிலைப் போர்த்துக்கீசர் 1588இல் இடித்துவிட்டார்கள். இந்தக் கல்லோ காலியில் ஒரு வாய்க்காலுக்கு மூடியாகக் கிடந்து, 1911இல் ஒரு பொறியாளர் கண்ணில் பட்டது. எழுத்து கீழே பார்த்தபடி கிடந்ததாம்.

மகள் கேட்ட கேள்வி: "சீனாவில் இருந்தவருக்குத் தமிழ் யார் எழுதிக் கொடுத்தது?" எனக்கு இந்த ஒரு கேள்விக்காகவே அந்த நாள் போதும். நான்ஜிங்கில் உட்கார்ந்து தமிழில் எழுதித் தந்த அந்த ஆளும் வெளியூரில் வாழ்ந்த ஒருவர்தானே! அல்லது அவர் சொல்லச் சொல்லச் செதுக்கிய சீனச் சிற்பிக்கு ழகரமும் ணகரமும் எப்படித் தெரிந்திருக்கும்?

அப்புறம் சிம்மாசனம். வேலூர்த் தாத்தா வீட்டுப் பக்கத்தில் தூங்குகிறாரே, அந்த ராஜாவுடையது என்றேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பதினோரு மணிக்கு வெளியே வந்துவிட்டோம். முன்பு இதே கட்டடத்தில் நாலு மணி நேரம் இருந்தும் இதில் பாதிகூட மனதில் ஏறவில்லை.

138 பிடித்துப் புறக்கோட்டை. வான் ரீ வீட்டில் முக்கால் மணி நேரம். பரிசு கொடுத்த மாமா வீடு என்று மகள் புரிந்துகொண்டாள். கல்லறைக் கற்களில் பெயர் படிக்க முயன்றாள். மரப்படியில் ஏறும்போது கிரீச் என்ற சத்தம் அவளுக்குப் பிடித்தது. நடந்து பழைய நகர மண்டபம். இதுவும் அதே ஸ்மிதர் வரைந்த கட்டடம், 1873. மாடியில் அந்தக் காலத்து நகரசபைக் கூட்டம் நடப்பது போல மேசையைச் சுற்றி ஆள் உருவங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். மகள் பயந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

கடைசியாகக் கோட்டையில் சதாம் வீதி, சென்ட்ரல் பாயின்ட். 1914இல் எழுந்த கட்டடம். 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமாகி, பிறகு சீர் செய்து, இப்போது மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை. கட்டணம் இல்லை. உள்ளே அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், தூண்கள் அவ்வளவு உயரம். அங்கே தூண்டில் முள் மாதிரி வளைத்த வெள்ளிக் கம்பிக் காசு இருக்கிறது. லாரின் என்று பெயர், பாரசீகத்து லார் என்ற ஊரிலிருந்து வந்த பெயர். காலையில் கல்லில் பாரசீக எழுத்து, மாலையில் பாரசீகப் பெயர் கொண்ட காசு. வியாபாரம் நடந்த இடத்துக்கே மொழியும் போயிருக்கிறது, காசும் போயிருக்கிறது. நந்தியும் "சேது" என்ற தமிழ் எழுத்தும் போட்ட யாழ்ப்பாண அரசர் காசை மகளே கண்டுபிடித்துக் காட்டினாள். அன்றைக்கு அவளுக்கு அது இரண்டாவது வெற்றி.

வரும் வழியில் சிலின்கோ ஹவுஸ் பக்கம் ஒரு சின்னச் சிறை அறை, வளைந்த கூரை. கண்டி ராஜாவைக் கப்பல் ஏற்றும்வரை அடைத்துவைத்த இடம் அது. இருட்டுகிற நேரத்தில் அதைப் பார்த்தபோது கஷ்டமாக இருந்தது. கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறி, கடலைப் பார்த்தபடியே வெள்ளவத்தை வந்து சேர்ந்தோம்.

மார்ச் 12

திருத்தம். அந்தச் சிறை அறை பற்றி நான் உறுதியாக எழுதியது தவறு. அப்படி ஒரு நம்பிக்கை கொழும்பில் பரவலாக உண்டு, ஆனால் ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. அந்தக் காலத்து ஆங்கிலேய ராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல், ராஜாவுக்குக் கொழும்பில் விசாலமான, நன்றாகத் தயார் செய்த வீடு கொடுத்ததாக எழுதியிருக்கிறார். ராணிமார்களோடும் பரிவாரத்தோடும் வந்தவரை அந்தப் பொந்தில் வைத்திருக்க வழியே இல்லை. மகளிடமும் சொல்லிவிட்டேன். "அப்போ அங்கே யார் இருந்தாங்க?" என்றாள். காவல் காத்த சிப்பாயாக இருக்கலாம் என்றேன்.

மார்ச் 12, மறுபடியும்

சாப்பாடு கேட்டவருக்கு: புறக்கோட்டையில் மதியம் சைவக்கடையில் சோறு. வேண்டாம் என்றால் ரோல்ஸும் பிளேன் டீயும். செவ்விளநீர் எங்கேயும் கிடைக்கும். செருப்பு பழையதாக இருக்கட்டும், புதுச் செருப்போடு இந்த நாளைத் தாண்ட முடியாது.

வெளிநாட்டவர் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. இதற்காக வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். இங்கே பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வந்து சில்லறைக் காசுக்குப் பார்த்துப் போகிறார்கள். அதற்கு என் பணமும் சேர்ந்தால் எனக்குச் சந்தோஷம்தான். பௌர்ணமி விடுமுறை நாள்களில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் நான் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

ஜூன் 3

அம்மா வேலூரிலிருந்து வந்திருக்கிறார். எழுபத்திரண்டு வயது, முட்டி வலி. மூன்று இடம் எல்லாம் முடியாது, தேசிய நூதனசாலை மட்டும் என்று கூட்டிப்போனேன்.

பொலன்னறுவையில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த சோழர் காலத்து வெண்கலங்கள் இருக்கும் அறைக்குள் போனதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். நடராஜரை விட்டு நகரவே இல்லை. பக்கத்தில் சுந்தரர். வாலிப வயது, மாப்பிள்ளை அலங்காரம், தம்பிரானைப் பார்த்துவிட்ட முகம். "இவர் பாடின கோயில் இந்த ஊர்லதானே இருக்கு?" என்றார் அம்மா. ஆமாம், மன்னாரில் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் பாடியிருக்கிறார். அம்மாவுக்குப் பதிகம் மனப்பாடம். கண்ணாடிக்கு முன்னால் நின்று மெதுவாக முழுவதையும் சொன்னார். காவலுக்கு இருந்த சிங்களப் பெண் எழுந்து வந்தார். தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அம்மாவுக்கு உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

இத்தனை நாள் இந்த அறையை நான் நாலு எட்டில் கடந்திருக்கிறேன். ஒரு நூல் பிடித்துக்கொண்டு பல இடம் போகவேண்டும் என்று மேலே எழுதினேன். அம்மாவோ ஒரு அறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தபடியே தஞ்சாவூர், பொலன்னறுவை, மன்னார் மூன்றுக்கும் போய்வந்தார். அந்த விதி என் காலுக்குப் போட்டது, அம்மாவுக்குப் பொருந்தாது.

வெளியே வந்து பின்பக்கச் சாலையில் ஆட்டோவுக்கு நின்றோம். அந்தச் சாலைக்கு ஆனந்த குமாரசுவாமி பெயர். நடராஜர் என்றால் என்ன என்று மேல்நாட்டுக்குச் சொன்னவர். அவரும் 1877இல்தான் கொழும்பில் பிறந்தார், நூதனசாலை திறந்த அதே வருடம். 1917 முதல் பாஸ்டன் நூதனசாலையில் வேலை, 1947இல் இறந்ததும் அமெரிக்காவில்தான். ஊரை விட்டுப் போய் முப்பது வருடம் இன்னொரு நாட்டு நூதனசாலைக்குள் நம் ஊர்ப் பொருள்களோடு வாழ்ந்திருக்கிறார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பாவம், தினமும் சாமியை மட்டும் பார்த்திருப்பார், கோயிலைப் பார்த்திருக்க மாட்டார்" என்றார்.

ஜூன் 15

ஓவியம் பிடித்தவர் ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குத் தனி நாள் வையுங்கள், பழம்பொருளோடு கலக்காதீர்கள், கண் வேறு மாதிரி வேலை செய்யவேண்டும். பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் நிலையம், ஓவியர் ஹாரி பீரிஸ் வாழ்ந்த வீடு. 1943இல் தொடங்கிய 43 குழு என்ற ஓவியர் குழுவின் ஓவியங்களை வீட்டுச் சுவரில் மாட்டியபடியே பார்க்கலாம். அன்றைக்கே பொரளையில் கோதமி விகாரையில் ஜார்ஜ் கீட் தீட்டிய சுவரோவியங்களையும் பார்த்துவிடுங்கள், அவரும் அதே குழுதான். எனக்கு ஓவியம் பற்றி இதற்குமேல் சொல்லத் தெரியாது, ஆனால் கீட்டின் கோடுகள் நம் ஊர்ப் பெண்களின் கண்ணை அப்படியே பிடித்திருக்கின்றன.

டிசம்பர் 28

வேலூரிலிருந்து எழுதுகிறேன். இன்றைக்கு மகளை முத்து மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். கூட அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர். பாலாற்றில் தண்ணீர் இல்லை. மண்டபத்தில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. ராஜா, அவர் குடும்பத்தார் கல்லறைகள். மகள்தான் மற்ற பிள்ளைகளுக்கு எல்லாம் விளக்கினாள். சிங்கம் எந்தப் பக்கம், சூரியன் எங்கே, யார் கொடுத்தது, அவர் வீட்டில் கிணறு எங்கே இருக்கிறது என்பதுவரை. அண்ணன் மகன் நம்பவில்லை. "நீ பார்த்தியா?" என்றான். "எங்க வீட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கு, வந்தா காட்டுறேன்" என்றாள்.

மார்ச் 9இல் தொடங்கிய சுற்று இன்றைக்குத்தான் முடிந்ததாக என் கணக்கு.

ஜனவரி 14

கேள்வி கேட்ட கோவைக்காரருக்கு: உங்கள் தனிச் செய்தி பார்த்தேன். நீங்கள் இருவரும் வருவதில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். நீங்கள் கொள்ளுப்பிட்டி என்பதால் வெள்ளவத்தைக்கு வர வேண்டாம், ஒன்பது மணிக்கு நேராக நூதனசாலை ஆலமரத்தடிக்கு வந்துவிடுங்கள். மாடி ஆன்ட்டியும் வருகிறார், மரைக்கார் கதையை அவர் வாயாலேயே கேட்கலாம். எதைப் பிடித்துக்கொண்டு போவது என்று இந்த முறை உங்கள் மனைவி முடிவு செய்யட்டும். துணி நெசவு பற்றிக் கேட்டிருந்தாரே, அதையே வைத்துக்கொள்ளலாம். குடை எடுத்து வாருங்கள்.